புடாபெஸ்ற் நகரத்து வெந்நீர் மண்டபங்கள்

ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்ற்றுக்குச் செல்லும் பிரயாணிகள் முதலிற் காண விரும்புவன குன்றின்மேல் நிற்கும் அரண்மனையும், நதிக்கரையிலுள்ள பாராளுமன்றமும், தன்யூப்பு நதியைக் கடக்கும் பாலங்களுமேயாம். இவற்றைப் பார்த்தபின் நதியின் மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி நடப்பவர், கெல்லேர்ற் குன்றின் அடிவாரத்திலே, பாறைக்கும் பெருந்தெருவுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கட்டடத்தைக் கவனியாமலே கடந்து போதலுங் கூடும். வெளியிலிருந்து நோக்குவோருக்கு அதனிடம் சிறப்பொன்றும் புலப்படாது. உள்ளே சென்று கதவைத் திறந்தாலோ கண்முன் தோன்றுவது வேறொரு காலம். அரையிருளிலே நீராவி மெல்லென எழுகின்றது. எட்டுப் பருத்த கற்றூண்கள் வட்டமாக நின்று, பத்து மீற்றர் அகலமுள்ள குவிமாடத்தைத் தாங்குகின்றன. மாடத்திலே சிறு சிறு துவாரங்களிற் பதித்த நிறக்கண்ணாடிகளினூடே பகலொளி கதிர்கதிராக இறங்கி, நடுவிலுள்ள எண்கோணத் தடாகத்தின்மேல் விழுகின்றது. அத்தடாகத்திலே கழுத்தளவு வெந்நீரில் மனிதர் சிலர் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர்.

ருடாஷ் என்பது அம்மண்டபத்தின் பெயர். அதனைக் கட்டியவர்கள் ஒட்டோமன் துருக்கியர். கட்டி முடிந்து நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. கட்டியவர்களோ 1686 ஆம் ஆண்டிலேயே நகரைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்கள் எழுப்பிய மசூதிகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை. அவர்களுடைய பாடசாலைகளும் அங்காடிகளும் இல்லை. நீராடும் மண்டபங்கள் மாத்திரம் நின்று நிலைத்தன. ஒரு நகரத்தைப் போரிலே கைப்பற்றியவர்கள் பகைவருடைய சின்னங்களையெல்லாம் அழித்தும் மாற்றியும் விட்டு, ஒன்றை மட்டும் ஏன் விட்டுவைத்தனர்? இவ்வினாவுக்கு விடை தேடுவதாயின் அந்நகரத்தின் வரலாற்றை மட்டுமன்றி, அதன் நிலத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும்.

தன்யூப்பு நதி நகரின் நடுவே வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகின்றது. மேற்கே சுண்ணக்கல்லாலும் அதனையொத்த பாறைகளாலும் ஆகிய புடாக் குன்றுகள். கிழக்கே பெஸ்ற் நகர் பரந்து கிடக்கும் சமவெளி. குன்றும் வெளியும் சந்திக்குமிடத்திலே நிலத்தின் அடிப்பாறை பிளவுபட்டுள்ளது. அப்பிளவின் வழியே நதியும் செல்கின்றது. குன்றுகளிற் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளினூடே கீழிறங்கி, மிக்க ஆழத்தை அடைந்து, பூமியின் உட்சூட்டினாலே வெப்பமேறி, வழியிலுள்ள கனிப்பொருள்களைக் கரைத்துக்கொண்டு, பிளவின் வழியாக மீண்டும் மேலெழுகின்றது. இப்பயணம் ஓரிரு ஆண்டுகளில் முடிவதன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்வதுமுண்டு. ஆதலால் இன்று ருடாஷ் மண்டபத்திலே ஒருவர் கையில் அள்ளும் நீர், அந்நகரத்துக்குப் பெயரிடப்படுவதற்கு முன்னரே மழையாகப் பெய்த நீராக இருத்தலும் கூடும். இவ்வாறு எழும் ஊற்றுகளும் தோண்டிய கிணறுகளும் நகரிலே நூற்றுக்கு மேற்பட்டுள்ளன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 கோடி லீற்றர் நீரைத் தருகின்றன என்பர்.

இந்த நீரின் பயனை முதலிற் பெரிய அளவிலே அறிந்து கொண்டவர்கள் உரோமர். இன்று ஒபுடா என வழங்கும் வடபகுதியிலே அவர்கள் அக்குவின்கம் என்னும் நகரை நிறுவினர். தன்யூப்பு நதி அக்காலத்தில் உரோமப் பேரரசின் எல்லையாக இருந்தது. எல்லையைக் காக்க அங்கே ஒரு படைப்பிரிவு நிறுத்தப்பட்டது. கி.பி. 106 இல் பனோனியா மாகாணம் இரண்டாக வகுக்கப்பட்டபோது, அக்குவின்கம் கீழ்ப்பனோனியாவின் தலைநகராயிற்று. அம்மாகாணத்தை முதலில் ஆளவந்தவர், பின்னர் 117 இல் உரோமச் சக்கரவர்த்தியாகிய ஹேட்ரியன் ஆவார்.

உரோமர் எங்குச் சென்றாலும் நீராடுமிடத்தையும் உடன்கொண்டு செல்பவர்கள். அக்குவின்கத்திலே படைவீரருக்கெனப் பெரியதொரு நீராட்டு மாளிகை இருந்தது. தளத்தின் கீழே சிறு தூண்களை நிறுத்தி, அவற்றிடையே அடுப்பின் வெம்புகை பரவுமாறு செய்து, தளத்தைச் சூடாக்கும் முறையை அவர்கள் கையாண்டனர். குளிர்ந்த நீர், இளஞ்சூடான நீர், வெந்நீர் என முறையே ஒவ்வோர் அறையாகச் சென்று நீராடுவது அவர்களுடைய வழக்கம். வடக்கிலிருந்த ஊற்றுகளின் நீரை உயர்ந்த வாய்க்கால் ஒன்றின் வழியாக நகருக்குக் கொணர்ந்தனர். அவ்வாய்க்காலைத் தாங்கிய தூண்களின் அடிப்பகுதிகளை இன்றும் நெடுஞ்சாலையோரத்திலே காணலாம்.

ஐந்தாம் நூற்றாண்டிலே உரோமரின் ஆட்சி அங்கு ஒழிந்தது. அதனோடு நீராட்டு மாளிகையும் ஒழிந்தது. வாய்க்காலைத் திருத்துவார் இல்லை. அடுப்புக்கு விறகிடுவார் இல்லை. கற்களை வேறு கட்டடங்களுக்கு எடுத்துச் செல்வார் மட்டும் இருந்தனர். மண் மூடிக் கிடந்த அம்மாளிகையின் அடித்தளங்கள் 1778 ஆம் ஆண்டிலேயே மீண்டும் வெளிப்பட்டன. இக்காலத்திலே அவற்றின்மேல் நகரத்தின் பெருந்தெரு மேம்பாலமாகச் செல்கின்றது. பாதசாரிகள் நடக்கும் சுரங்க வழியிலே உரோமருடைய சுவர்கள் காட்சிக்கு விடப்பட்டுள்ளன. உரோமருடைய திறமை துருக்கியருடைய திறமைக்குக் குறைந்ததன்று. ஆயினும் ஒருவருடைய மண்டபம் இடிபாடாயிற்று. மற்றவருடைய மண்டபத்திலோ மக்கள் இன்றும் நீராடுகின்றனர். இவ்வேற்றுமையை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

மகியார் மக்கள் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இந்நாட்டிற் குடியேறினர். அவர்கள் ஊற்றுகளை மறக்கவில்லை. நதிக்கரையிலிருந்த இரு சிற்றூர்களுக்கு மேல்வெந்நீர், கீழ்வெந்நீர் எனப் பொருள்படும் பெயர்கள் வழங்கின. ஊற்றுகளின் அருகே சமயத் தொண்டர்கள் நோயாளரைப் பராமரிக்கும் இல்லங்களை அமைத்தனர். 1458 முதல் 1490 வரை ஆண்ட மத்தியாஸ் மன்னர், அரண்மனையிலிருந்து மூடிய வழியொன்றினாலே ஊற்றுக்குச் சென்று நீராடினார் என்று மரபாகச் சொல்வர்.

பின்னர் வந்தது பெருந்துன்பம். 1526 ஆம் ஆண்டிலே மொஹாச் என்னும் களத்தில் சுல்தான் சுலைமானுடைய சேனை ஹங்கேரியப் படையை முறியடித்தது. ஹங்கேரிய மன்னரும் உயிரிழந்தார். 1541 இல் புடா நகரம் துருக்கியர் வசமாயிற்று. அதன்பின் 145 ஆண்டுகள் அந்நகரத்தில் இருந்து ஆண்டவர்கள் சுல்தானின் ஆளுநர்களாகிய பாஷாக்கள். தலைமைத் தேவாலயம் மசூதியாக மாற்றப்பட்டது. குடிகளிற் பலர் நகரைவிட்டு ஓடினர். ஹங்கேரியருடைய நினைவிலே இக்காலம் இன்றும் இருண்ட காலமாகவே இருக்கின்றது, அதில் வியப்பில்லை.

எனினும் துருக்கியர் புடாவிற் கண்ட ஊற்றுகளை மிகுந்த மகிழ்ச்சியோடு ஏற்றனர். உடற்றூய்மை அவர்களுடைய சமயக் கடமைகளுள் ஒன்று. தொழுகைக்கு முன் தூய்மை செய்தல் வேண்டும். ஆதலால் மசூதியும் நீராட்டு மண்டபமும் ஒரே திருப்பணியின் இரு பகுதிகளாகக் கருதப்பட்டன. செல்வரும் அதிகாரிகளும் தமது பொருளை வக்பு எனப்படும் அறநிதியாக ஒதுக்கி, மண்டபங்களைக் கட்டி, அவற்றின் வருவாயை மசூதிக்கும் பாடசாலைக்கும் வழங்குதல் அந்நாட்டு வழக்கம். நீராடுமிடம் இவ்வாறு அறச்செயலாகவும் வருவாய்க்கு வழியாகவும் விளங்கிற்று.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. துருக்கியருடைய பொதுவான நீராட்டு மண்டபங்களிலே தடாகம் இராது. தேங்கிய நீரில் இறங்குவதை அவர்கள் விரும்புவதில்லை. குழாயிலிருந்து ஓடும் நீரை முகந்து ஊற்றிக் கொள்வதே முறை. ஆனால் இயற்கையான வெந்நீரூற்று உள்ள இடத்திலே நீர் இடையறாது பெருகி வழிந்துகொண்டே இருப்பதனால், அங்கே தடாகம் அமைத்து அதில் இறங்கி நீராடுவர். புடாவில் எழுந்த மண்டபங்களின் நடுவே எண்கோணத் தடாகங்கள் அமைந்தமைக்குக் காரணம் இதுவே. விறகும் வேண்டியதில்லை, அடுப்பும் வேண்டியதில்லை. நிலமே வெந்நீரைத் தந்தது.

இம்மண்டபங்களைக் கட்டியோருள் முதன்மையானவர் சோகொல்லு முஸ்தபா பாஷா. இவர் போஸ்னியாவிலே பிறந்தவர். பேரரசின் பேரமைச்சராகிய சோகொல்லு மெஹ்மெத் பாஷாவின் உறவினர். 1566 முதல் 1578 வரை புடாவின் ஆளுநராக இருந்த இவர், எல்லைப்புறப் போர்களுக்கிடையே கட்டட வேலைகளிலும் பெரிதும் ஈடுபட்டார். ருடாஷ் மண்டபம் இவருடைய காலத்ததே. துருக்கியர் அதனைப் பச்சைத் தூண் வெந்நீர் எனப் பொருள்படும் பெயராலே வழங்கினர்; தூணொன்று பச்சை நிறமாக இருந்தமையே அதற்குக் காரணம்.

நதியோரமாக வடக்கே சென்றால் கிராய் என்னும் மண்டபம் உள்ளது. அதனைத் தொடங்கியவர் இவருக்கு முன்னிருந்த அர்ஸ்லான் பாஷா. ஆண்டு 1565. அந்த இடத்திலே ஊற்றில்லை. வடக்கேயுள்ள ஊற்றுகளிலிருந்து நீரைக் குழாய் வழியாகக் கொணர்ந்தே அம்மண்டபத்தை நடத்த வேண்டியிருந்தது. அவ்வாறாயின் ஊற்றின் அருகிலேயே கட்டாது விட்டது ஏன்? ஊற்றுகள் மதிலுக்கு வெளியே இருந்தன. பகைவர் நகரை முற்றுகையிட்டாலும் காவற் படையினர் மதிலுக்குள்ளே இருந்துகொண்டே நீராட வேண்டும் என்பதே எண்ணம். முற்றுகைக் காலத்துக்கென உணவையும் வெடிமருந்தையும் சேமிப்பவர்கள் பலர். நீராடுவதற்கும் வழி செய்து வைப்போர் சிலரே.

அந்த வெடிமருந்தும் வெந்நீரோடு தொடர்புடையதே. வட ஊற்றுகளின் அருகே வெந்நீர் வழிந்து சேரும் குளமொன்று உண்டு. மாரியிலே அவ்வூர் நீர்நிலைகள் பனிக்கட்டியாக உறையும்போது ஆலைச் சக்கரங்கள் நின்றுவிடும். இக்குளத்து நீரோ உறைவதில்லை. ஆதலால் இதன் கரையிலே சக்கரங்கள் ஆண்டு முழுவதும் சுழன்றன. துருக்கியர் அங்கு வெடிமருந்து அரைக்கும் ஆலையை மதிலும் கோபுரங்களும் சூழ அமைத்தனர். நோயைத் தணித்த அதே நீர் போர்க்கும் பணி செய்தது.

மண்டபங்களை எழுப்பிய இரு பாஷாக்களின் முடிவும் துயரமானது. போரிலே தவறிய குற்றத்துக்காக அர்ஸ்லான் பாஷா 1566 இல் சுல்தானின் ஆணைப்படி கொல்லப்பட்டார். முஸ்தபா பாஷாவும் 1578 இல் அவ்வாறே ஓர் ஆணையினால் உயிரிழந்தார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 1663 ஆம் ஆண்டிலே, எவ்லியா செலெபி என்னும் புகழ்பெற்ற துருக்கியப் பயணி புடாவுக்கு வந்தபோது மண்டபங்கள் மக்கள் நிறைந்து விளங்கின. அவர் தம் பயண நூலிலே அவற்றை ஒவ்வொன்றாக விவரித்துள்ளார்.

1686 ஆம் ஆண்டின் கோடையிலே கிறிஸ்தவ அரசர்களின் கூட்டுப்படை புடாவை முற்றுகையிட்டது. ஜூலை மாதத்திலே நகரின் வெடிமருந்துக் கிடங்கு பெருஞ்சத்தத்தோடு வெடித்துச் சிதறியது. செப்டெம்பர் 2 ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. கடைசிப் பாஷாவும் வாளேந்திய வண்ணம் மடிந்தார். உள்ளே புகுந்த படையினர் கொள்ளையிட்டனர், கண்டாரைக் கொன்றனர், துருக்கியரோடு யூதக் குடிகளும் மாண்டனர். எஞ்சியது எரிந்த நகரம்.

புதிய ஆட்சியாளர் மசூதிகளை இடித்தனர், அல்லது தேவாலயங்களாக மாற்றினர். மினாராக்கள் மறைந்தன. ஆனால் மண்டபங்களை அடைந்தபோது அவர்களுடைய கை தாழ்ந்தது. போரினாற் களைத்த வீரருக்கு வெந்நீர் வேண்டியிருந்தது. புண்பட்டாரைக் குணப்படுத்த வேண்டியிருந்தது. மண்டபத்தை ஏற்று நடத்துபவருக்கு வருவாயும் இருந்தது. பகைவனுடைய குவிமாடத்தின் கீழே வென்றவர்கள் இறங்கி நீராடினர். கிராய் மண்டபத்தின் பெயரே அடுத்த மாற்றத்துக்குச் சான்றாகும். 1796 இல் அதனை வாங்கிய குடும்பத்தாரின் பெயர் கேனிக் என்பது. ஜெர்மன் மொழியிலே அது மன்னனைக் குறிக்கும். அச்சொல் ஹங்கேரிய மொழியிற் கிராய் என மாறிற்று. ஆதலால் துருக்கியன் கட்டிய மண்டபம், ஜெர்மன் பெயருடைய குடும்பத்தின் வழியாக, ஹங்கேரியச் சொல்லாலே இன்று வழங்கப்படுகின்றது. மன்னன் எவனும் அதனைக் கட்டவில்லை.

முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். அழகுக்காக இம்மண்டபங்கள் காக்கப்படவில்லை, பழமைக்காகவும் காக்கப்படவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே பழமையைப் போற்றும் சட்டமும் இல்லை, கழகமும் இல்லை. அவை நாள்தோறும் பயன்பட்டமையினாலேயே நின்றன. கல் பெயர்ந்தவிடத்துக் கல் வைத்தார்கள். குழாய் அடைத்தவிடத்து அடைப்பை நீக்கினார்கள். உரோமருடைய மாளிகைக்கு இந்தப் பேறு கிட்டவில்லை. அதனை நடத்த வாய்க்காலும் விறகும் ஒழுங்கான ஓர் அரசும் வேண்டியிருந்தன. அரசு போனவுடனே அடுப்பும் அணைந்தது. துருக்கியருடைய தடாகத்திலோ ஊற்று அரசனைக் கேளாமலே பெருகிற்று. மனிதர் செய்ய வேண்டிய வேலை குறைவாக இருந்தது. அதனை எவ்வாட்சியிலும் எவரோ ஒருவர் செய்துவந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீர் ஆராய்ச்சிக்கும் உரிய பொருளாயிற்று. ஜானொஷ் மொல்னார் என்னும் மருந்தியலாளர் வட ஊற்றுகளின் நீரைச் சோதித்து, குன்றினுள்ளே பெருங்குகையொன்று இருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். அடுத்த நூற்றாண்டிலே நீர்மூழ்கிகள் உள்ளே சென்று, வெந்நீர் நிறைந்த நெடிய குகைவழிகளைக் கண்டனர். அக்குகை அவருடைய பெயரையே தாங்குகின்றது.

வில்மோஷ் சிக்மொண்டி என்பவருடைய செயல் இன்னும் துணிவானது. சுரங்கப் பொறியியலாளராகிய இவர், 1848 இல் எழுந்த ஹங்கேரிய விடுதலைப் போருக்குத் துணைநின்றமையாற் சிறைக்கூடம் சென்றவர். ஊற்றுகள் யாவும் புடாப் பக்கத்திலேயே இருந்தன. மக்கள் பெருகிய பெஸ்ற் பக்கத்திலே ஒன்றுமில்லை. சமவெளியின் கீழும் அதே பாறைகள் ஆழ்ந்து செல்கின்றன, ஆதலால் ஆழத் துளைத்தால் வெந்நீர் வரும் என்று அவர் கருதினார். 1868 இல் நகரப் பூங்காவின் அருகே துளையிடத் தொடங்கினார். ஓராண்டன்று, ஈராண்டன்று, பத்து ஆண்டுகள் அவ்வேலை நடைபெற்றது. இறுதியில், 1878 இல், 970 மீற்றர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 74 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் தானாகவே மேலெழுந்து வந்தது. அத்துணை ஆழமான கிணறு அக்கால ஐரோப்பாவிலே அரிது. மாவீரர் சதுக்கம் எனப் பின்னர் பெயர்பெற்ற பெருவெளியிலே அக்கிணற்றின் இடம் குறிக்கப்பட்டுள்ளது.

அந்த நீரினாலே எழுந்ததே செச்சேனி நீராட்டு மாளிகை. 1913 ஆம் ஆண்டிலே அது திறக்கப்பட்டது. இஸ்த்வான் செச்சேனி பிரபு, நாட்டின் முன்னேற்றத்துக்கு அயராது உழைத்தவர்; 1849 இல் திறந்த சங்கிலிப் பாலத்துக்குக் காரணராயிருந்தவர். மஞ்சள் நிறச் சுவர்களும் குவிமாடங்களுமாக அரண்மனைபோல் விளங்கும் இம்மாளிகையின் சிறப்பு யாதெனில், தனி அறைகளை வாடகைக்குப் பெறும் செல்வரோடு, பொதுமக்களுக்கெனவும் பகுதிகள் ஒதுக்கப்பட்டமையாம். வீட்டிலே குளியலறை இல்லாத தொழிலாளருக்கு இது சிறிய நன்மையன்று. 1927 இல் வெளிப்புறத் தடாகங்கள் சேர்க்கப்பட்டன. மாரிக்காலத்திலே, சுற்றிலும் பனி கிடக்க, நீராவி மண்டிய தடாகத்திலே மார்பளவு நீரில் நின்றுகொண்டு முதியவர்கள் சதுரங்கம் ஆடும் காட்சி உலகெங்கும் அறியப்பட்டதாயிற்று.

கெல்லேர்ற் குன்றின் தென்புறத்திலே, பழைய நீராடுமிடமொன்றை அகற்றிய நிலத்தின் அருகே, நிற ஓடுகளால் அணிசெய்த மற்றொரு மாளிகை 1918 இல் திறக்கப்பட்டது. போரிலே தோல்வியடைந்து பேரரசு சிதறிக்கொண்டிருந்த ஆண்டு அது. 1927 இல் அங்கே செயற்கையாக அலையெழுப்பும் தடாகமும் அமைந்தது. 1934 இல் புடாபெஸ்ற்றுக்கு நீராடல் நகரம் என்ற சிறப்புப் பெயர் கிட்டிற்று. 1937 இல் வெந்நீர் மருத்துவ அறிஞரின் சர்வதேச மகாநாடும் அங்கே கூடிற்று.

இத்துணைச் சிறப்பையும் கூறியபின் மறைக்கலாகாத மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். ஒரே நீரில் இறங்கியோர் ஒருவரையொருவர் நேசிக்கக் கற்றுக்கொள்வர் என்று எண்ணுவது இன்பமான எண்ணமே. வரலாறு அதனை ஒப்புக்கொள்ளவில்லை. 1944 ஆம் ஆண்டின் இறுதியிலே, அந்நகரத்தவரே சிலர் தம் நகரத்து யூத மக்களைத் தன்யூப்பு நதிக்கரைக்கு இழுத்துச் சென்று சுட்டு நதியில் வீழ்த்தினர். கொல்லப்பட்டாரும் கொன்றாரும் ஒரே மண்டபங்களில் நீராடியிருக்கக்கூடிய மக்களே. 2005 இல் அக்கரையிலே இரும்பாற் செய்த காலணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டன. சுடப்படுமுன் அவர்கள் கழற்றி வைத்த காலணிகளின் நினைவாக அவை கிடக்கின்றன. பாராளுமன்றத்தைப் பார்க்கச் செல்வோர் அவ்விடத்திலே சற்று நின்று செல்கின்றனர்.

அதே மாரியிலே நகரம் முற்றுகையுட்பட்டது. 1945 பெப்ரவரி 13 ஆம் நாள் வரை போர் நீடித்தது. பாலங்கள் யாவும் தகர்க்கப்பட்டன. பல்லாயிரம் குடிமக்கள் மாண்டனர். நகரப் பூங்காவிலுள்ள விலங்கினச் சாலையிலே குளிராலும் பசியாலும் குண்டுகளாலும் ஏறக்குறைய எல்லா விலங்குகளும் இறந்தன. எஞ்சிய மிகச் சிலவற்றுள் நீர்யானைகள் இடம்பெற்றன. அவற்றின் குளத்துக்கு வந்த நீர் நிலத்தின் ஆழத்திலிருந்து எழும் வெந்நீர். மனிதர் மனிதரை மறந்திருந்த அந்நாட்களிலும் ஊற்று வற்றவில்லை, குளமும் உறையவில்லை.

போர் முடிந்ததும் மண்டபங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. பொதுவுடைமை ஆட்சியிலே அவை நோய்தீர்க்கும் நிலையங்களாகப் போற்றப்பட்டன. வட ஊற்றுகளருகேயுள்ள லூகாச் என்னும் நீராடுமிடத்து முற்றத்திலே, நோய் தணிந்து சென்றோர் நன்றியோடு பதிப்பித்த கற்பலகைகள் சுவரெங்கும் காணப்படுகின்றன. பல மொழிகளில் எழுதிய அப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், மூட்டுவலியால் நடக்க முடியாது வந்த எத்தனை பேர் எத்தனை நாடுகளிலிருந்து வந்தனர் என்பது விளங்கும். ருடாஷ் மண்டபத்தின் துருக்கியப் பகுதி நெடுங்காலம் ஆடவருக்கே உரியதாயிருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே பெண்களுக்கும் நாள் ஒதுக்கப்பட்டது. இம்மாற்றத்தைப் பழமைக்கு ஊறு என்று வருந்தினாருமுண்டு. பயன்படுத்துவோர் தொகை பெருகுவதே அதற்குப் பாதுகாப்பு என்பதை முந்திய வரலாறு காட்டிற்று.

எனினும் பயன் மட்டுமே காவலாகாது. நானூறு ஆண்டுகளாக நின்ற கிராய் மண்டபம், சுவரும் குழாயும் நைந்துபோக, 2020 ஆம் ஆண்டளவிலே திருத்த வேலைக்காக மூடப்பட்டது. கெல்லேர்ற் மாளிகையும் 2025 இல் பெருந்திருத்தத்துக்காகக் கதவடைத்தது. கல்லையும் சுண்ணத்தையும் நீராவி ஓயாது அரிக்கின்றது. எந்த நீரினால் மண்டபம் வாழ்கின்றதோ அந்த நீராலேயே தேய்கின்றது. குன்றுகளின்மேல் வீடுகள் பெருகுமிடத்து மழைநீர் நிலத்தினுள் இறங்கும் வழியும், அதன் தூய்மையும் பாதிக்கப்படும். இன்று அங்கே செய்யும் தவறு உடனே தெரியவும் மாட்டாது. இன்று இறங்கும் மழைத்துளி எத்தனையோ தலைமுறைகளின் பின்னரன்றோ வெந்நீராகத் திரும்பி வரும்! ஆதலால் அந்நகரத்தார் தம்முடைய ஊற்றைக் காப்பது தமக்காகவன்று. தாம் காணப்போகாத மக்களுக்காகவேயாம்.

ருடாஷ் மண்டபத்தை விட்டு வெளியே வருபவர் முகத்திலே நதிக்காற்றுக் குளிராக வீசும். எதிரே தன்யூப்பு நதியிற் படகுகள் செல்லும். பாலத்தின்மேல் வண்டிகள் விரையும். உள்ளே, போஸ்னியாவிற் பிறந்து, சுல்தானுக்குப் பணிசெய்து, சுல்தானாலேயே கொலையுண்ட ஒருவர் கட்டிய குவிமாடத்தின் கீழ், அவருடைய பெயரையும் அறியாத மனிதர் வேலைக்குச் செல்லுமுன் சற்று நேரம் வெந்நீரில் அமர்ந்திருப்பர். முஸ்தபா பாஷா எல்லையைக் காத்தவராகவே தம்மைக் கருதியிருப்பார். அவர் காத்த எல்லை இன்று எந்தத் தேசப்படத்திலும் இல்லை. அவர் கட்டிய தடாகத்திலே நீர் நிறைந்து வழிகின்றது.